பனிமலையில் எனக்கு ஒதுக்கிய இடம்

காரமடையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்ற வருஷம் அக்டோபரில், ஜெர்மனியில் மாப்பிள்ளையோடும் பேத்தியோடும் இருக்கும் என் மகள் போன் செய்தாள்.

"அம்மா, பிப்ரவரில ஆல்ப்ஸ் மலைக்கு ஸ்கீயிங் போறோமுங்க. நீங்களும் அப்பாவும் வாரீங்களா?"

பிள்ளைகளுக்கு கோகோவும் கபடியும் சொல்லிக்கொடுத்தே காலம் போனவள் நான். புதிதாக ஒரு விளையாட்டை எனக்கு யாரும் கற்றுத்தந்து பல வருஷமாகிவிட்டது. அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். நானும் சறுக்கப் பழக வேண்டும் என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். சரவணம்பட்டி வீட்டு மொட்டைமாடியில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தொடை நடுங்கும்வரை நிற்பேன். புதிதாகப் பழகுகிறவர்கள் வேகத்தைக் குறைக்க, காலில் மாட்டிச் சறுக்கும் கட்டைகளின் முன்நுனிகளை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு மேலே வந்து வேடிக்கை பார்ப்பார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்; பஸ் பிடிக்கக்கூட ஓடி நான் பார்த்ததில்லை.

"ஏம்புள்ள, இந்த வயசுல காலை ஒடச்சுக்கிட்டு வந்தா யாரு பாக்கறது?"

பூட்ஸ் வாடகைக்கு எடுக்க வேண்டுமே என்று, காகிதத்தில் பாதத்தை வைத்து வரைந்து, அளந்து மகளுக்கு அனுப்பினேன். விசா வந்தது. ஜனவரியில் அவள் பயணத் திட்டத்தை ஒரு ஷீட்டாகப் போட்டு அனுப்பினாள். யார், எந்த நேரத்தில், எங்கே என்று ஆறு நாளுக்கும் கட்டம் கட்டமாக இருந்தது. பூட்ஸ் பட்டியலில் இரண்டே அளவுகள்: அவளுடையது, மாப்பிள்ளையுடையது. அப்பாவுக்கு நேராக, 'ஃப்ரீ'. எனக்கு நேராக ஆறு நாளும் காலை ஒன்பது முதல் மூன்று வரை, 'பாப்பாவுடன், ரூம்'.

போன் செய்தேன்.

"கண்ணு, எம்பேருக்கு நேரா ரூம்னு போட்டிருக்குதே?"

"பாப்பாவுக்கு ரெண்டு வயசுதானுங்களேம்மா. அவளைப் பனில தூக்கிட்டுத் திரிய முடியுமா?"

"நான் காலளவு அனுப்பினேனே?"

"நெசமாவே சறுக்கோணும்னு சொன்னீங்களா? தமாஷுக்குச் சொல்றீங்கன்னுதான் நாங்க நெனச்சோம்."

நாங்க என்றாள். அவளும் மாப்பிள்ளையுமாக உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள்.

நான் வரவில்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

"பேத்தியப் பாத்துக்கறது ஒரு கஷ்டமா?" என்றார் வீட்டுக்காரர்.

"கஷ்டமில்லீங். பாப்பாவப் பாத்துக்க வாங்கன்னு மொதல்லயே சொல்லியிருந்தா சந்தோஷமாப் போயிருப்பேன்."

எனக்காக அவரும் போகமாட்டார் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை, தெர்மல் பனியன் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பெட்டியையும் நானேதான் அடுக்கினேன்.

அவர் போன மூன்றாம் நாள் ஒரு வீடியோ வந்தது. லேசான சரிவொன்றில், சிவப்பு ஹெல்மெட்டும் காலில் கட்டைகளுமாக என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நாலு அடி சறுக்கி, பின்பக்கமாக விழுந்தார். "அப்பா, சூப்பருங்கப்பா!" என்று மகளின் குரல். பாப்பா எங்கே என்று கேட்டு எழுதினேன். விடுதியிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறதாம்; அங்கே நன்றாக விளையாடுகிறாளாம். அப்படி ஓர் இடம் இருப்பது முன்பே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சாக்லேட்டோடு திரும்பி வந்தார். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த வீடியோவைக் காட்டினார். "நீயும் வந்திருக்கோணும் புள்ள" என்று எல்லோர் முன்னாலும் என்னிடம் சொல்வார். சொந்தக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பனிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

இந்த வருஷம் மகள் வீட்டார் கடற்கரைக்குப் போகிறார்கள். நாங்களும் வர வேண்டுமாம்.

"பாப்பாவுக்கு மணல்னா உசுருங்கம்மா. நீங்க கூட இருந்தா எனக்குக் கவலையே இல்ல."

எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.