நாற்காலியை உதைத்த இன்ஸ்பெக்டரும் என் காக்கி ஸ்வெட்டரும்

போன வியாழக்கிழமை எனக்கு வீக்லி ஆஃப். ஊட்டியில் காலைக் காட்சிக்குப் போயிருந்தேன். நம் கராத்தே நாயகன் முதன்முதலாகக் காக்கி போட்ட படம்.

இத்தனை வருடமாக அவர் படங்களில் போலீஸ் என்றால் என்ன? கடைசி ரீலில் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். அடி வாங்கிக் கிடக்கும் வில்லன்களைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை இவரே போலீஸ். அடிப்பதும் இவரே, அள்ளுவதும் இவரே. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? மஞ்சூரிலிருந்தும் நடுவட்டத்திலிருந்தும் விடியலிலேயே பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பாதிப் பேர் எஸ்டேட் ஆட்கள். லீவு போட்டுவிட்டு வந்த ஜனம்.

நான் ஏன் போனேன்? எனக்கு ஐம்பத்தொன்று. காலை இடுப்புக்கு மேல் தூக்கியது எந்த வருடம் என்று ஞாபகமில்லை. தூக்கத் தெரிந்தவரைப் பார்ப்பதில் ஒரு சுகம்... அவ்வளவுதான்.

அவர் சுவரில் ஓடினார். விசில். மூன்று பேரை ஒரே சுழற்சியில் சாய்த்தார். விசில். ஆனால் தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

ஒரு சாதாரண சீனுக்கு. ஒரு வயதான அம்மாள் புகார் சொல்ல ஸ்டேஷனுக்கு வந்து வாசலிலேயே நிற்கிறார். நம் நாயகன் ஃபைலிலிருந்து நிமிராமல் எதிரே கிடக்கும் நாற்காலியை ஒரு உதை விடுகிறார். அது வழுக்கிக்கொண்டே போய், அந்த அம்மாள் பின்னால் கச்சிதமாக நிற்கிறது. "உட்காருங்கம்மா" என்கிறார். அவ்வளவுதான். என் வரிசையில் மஃப்ளர் கட்டியிருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னால் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். நானும் விசிலடித்தேன் – காற்றுதான் வந்தது.

வெளியே வரும்போது என் நடை மாறியிருந்தது. படம் பார்த்த எல்லா ஆண்களுக்கும் அரை மணி நேரத்துக்கு நேரும் வியாதி இது. தோள் சற்று அகலும். மீசை தானாக முறுக்கிக்கொள்ளும். எனக்கு அது பஸ்ஸில் ஊர் வந்து இறங்கிய பிறகும் தெளியவில்லை. அதுதான் கெட்டது.

எந்த ஊர் என்று இந்த வாரம் மட்டும் கேட்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எழுத்து எனக்கு உபதொழில். பிழைப்பு, மின்சார லைன் பார்ப்பது. குளிருக்கு நாங்கள் போடுவது காக்கி ஸ்வெட்டர், லீவு நாளிலும் அதுதான். இந்த மலையில் யார்தான் போடவில்லை? பஸ் கண்டக்டர், ஃபாரஸ்ட் கார்டு, எஸ்டேட் வாட்ச்மேன், போலீஸ்... எல்லோரும் அதே காக்கிக் கம்பளிக்குள்தான். மேலே மங்கி கேப்பையும் இழுத்துவிட்டுக்கொண்டால், பனிமூட்டத்தில் யார் எந்த டிபார்ட்மென்ட் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. என்னைப் பார்த்ததும், எத்தனையோ நேரமாக எனக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஓடிவந்தார்.

"ஐயா... எங்க வூட்டுக்காரர நேத்துக் காலையில கூட்டியாந்தாங்கய்யா. ஃபேக்டரில காப்பர் ஒயரு காணோமாம். அவரு அன்னிக்கு லீவுங்கய்யா, காய்ச்சல்ல லயத்து வூட்டுல படுத்துக் கெடந்தாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்கய்யா."

நான் போலீஸ் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு நொடி. ஆனால் நான்கு 'ஐயா' உள்ளே இறங்கியிருந்தது. தியேட்டர் நடை வேறு இன்னும் காலில் மிச்சம். "ம்ம்... என்ன பேரு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அந்தக் குரல் என்னுடையதே இல்லை. சத்தியமாக அந்தக் கராத்தேக்காரருடையது.

அவர் பெயர் ராஜேஸ்வரி. கணவர் சிவலிங்கம். அதைச் சொல்லிக்கொண்டே அவர் ரோட்டைக் கடந்துவிட்டார். பின்னாலேயே நானும். வாசலில் நின்ற காவலர் என் ஸ்வெட்டரைப் பார்த்தார், தலையசைத்து வழிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போலீஸ் என்று ஏமாற்றினால் என்ன செக்ஷன்? ஜாமீன் உண்டா? பென்ஷன் வருமா? உள்ளங்கை வியர்த்தது – பத்து டிகிரி குளிரில்!

உள்ளே தலைமைக் காவலர் ஒருவர் ஷால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாருங்க?" என்றார்.

கராத்தே நாயகன் காற்றில் கரைந்து போனார். "லைன்... கரன்டு ஆபீஸுங்க" என்றேன். என் சொந்தக் குரல், அதிலும் பாதிதான் வந்தது.

அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. காலையில் கம்ப்ளெயின்ட் சொன்னது, இப்போதுதான் வருகிறீர்களா என்று பிடித்துக்கொண்டார். ஹீட்டர் போட்டாலே ஃபியூஸ் போகிறதாம். எல்லோரும் விறைத்துக் கிடக்கிறார்களாம். "ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா ஒரு மனுசன் வந்து எட்டிப் பார்க்க வேண்டாமுங்களா? இதென்ன நியாயமுங்க?" என்றார்.

என் பின்னால் ஒரு கம்ப்ளெயின்ட் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தது.

"உட்காருங்க" என்று ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். யாருக்கு? எனக்கு. ராஜேஸ்வரி நிலைப்படிக்கு அந்தப் பக்கம், சுவரோடு சுவராக. படத்தில் இந்த இடத்தில்தான் கூரை பிய்ந்தது. நான் என்ன செய்தேன்? உட்கார்ந்தேன்.

கட்டடத்துக்குள் இருக்கும் ஒயரிங் எங்கள் வேலையே கிடையாது. அதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? பாக்கெட்டில் டெஸ்டர் எப்போதும் இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரே லைனில் ஹீட்டர், கெட்டில், அத்தனை பேர் செல்போன். ஃபியூஸ் கேரியர் கருகிக் கிடந்தது. அதைச் சரிபண்ணி, ஹீட்டரை வேறு லைனுக்கு மாற்றிக் கொடுத்தேன். கம்பி சிவந்தது. ஷால்கள் கழன்றன. எனக்கு டீ வந்தது.

கையைக் காய்ச்சிக்கொண்டே தலைமைக் காவலர் வாசலைப் பார்த்தார். "அந்தம்மா யாருங்க, உங்ககூட வந்தவங்களா?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அன்றைக்கு நான் செய்த மொத்த சாகசமும் அந்த ஒரு சொல்தான். அதுவும் பொய்.

"ஏனுங்க, முன்னாலயே சொல்றதில்லீங்களா!" என்றவர் உள்ளே திரும்பி, சிவலிங்கத்தை அனுப்பிவிடச் சொன்னார். கூப்பிட்டால் வர வேண்டும், அவ்வளவுதானாம். காய்ச்சலா, லீவா, ஒயரை எடுத்தது யார்... யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ரூம் சூடாகிவிட்டதே.

சிவலிங்கம் தரையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் பார்த்தேன், பக்கத்தில் இன்னொரு ஆள். ஜார்க்கண்ட் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்திருக்கிற ஆள். தமிழ் தெரியாது. ஸ்வெட்டரும் இல்லை. கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார். சிவலிங்கம் போகிறார் என்றால் அடுத்து தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாதி எழுந்தும்விட்டார்.

நான் ஃபியூஸைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன்.

வெளியே வந்ததும் ராஜேஸ்வரி கும்பிட்டார். புருஷனிடம், "ஐயா உள்ள போயி ஒரு சத்தம் போட்டாரு, அப்பறந்தான் விட்டாங்க" என்றார். சத்தம்! நான் போட்ட ஒரே சத்தம், டீ உறிஞ்சிய சத்தம். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உடம்பப் பாத்துக்கங்க" என்றேன் – இன்ஸ்பெக்டர் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் தெரிந்த குரல். ஜன்னல் ஸ்கிரீனை விலக்கினால் ராஜேஸ்வரி! டீக்கடையில் விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தை. அந்த ஜார்க்கண்ட் ஆளின் மனைவி என்று பார்த்த உடனே புரிந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? இட்லித் தட்டோடு பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் இல்லை என்று என் வீட்டம்மாவுக்குச் சைகை காட்டிவிட்டுத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அம்மா, இவ வூட்டுக்காரரு இன்னும் உள்ளதான் இருக்காரு. இவளுக்குப் பாஷ தெரியல. எங்க வூட்டுக்காரரு மாதிரித்தான், ஒண்ணும் செய்யாதவரு. ஐயா வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

வீட்டம்மா, அவர் டூட்டிக்குப் போயிருக்கிறார் என்றார். ராஜேஸ்வரி, காத்திருக்கிறோம் என்றார். வர ராத்திரி ஆகும் என்றார் வீட்டம்மா. குழந்தை இருமியது. பிறகு செருப்புச் சத்தம், கேட் சத்தம்.

நான் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிஜமாகவே தெரியவில்லை. போனால் எதைச் சொல்லி உள்ளே நுழைவது? ஹீட்டர்தான் எரிகிறதே! இப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இட்லி ஆறிப்போயிருந்தது.

வீட்டம்மா கதவைத் திறந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்க, அந்தப் புள்ள நம்மூட்டு வாசல்ல கும்புட்டுட்டுப் போகுது. நீங்க இல்லைன்னு சொல்லியுமே கும்புடுது" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே ஊட்டிக்குப் போய் நீல ஸ்வெட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். காக்கி பீரோவின் அடித்தட்டில் தூங்குகிறது. நீலம் நல்ல நிறம். போட்டுக்கொண்டு டீக்கடை வழியாகவே போகிறேன், வருகிறேன். யாரும் ஓடிவரவில்லை. அந்த ஜார்க்கண்ட் ஆளை விட்டுவிட்டார்களா என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஸ்டேஷன் ஹீட்டர் பிரமாதமாக எரிகிறது என்று மட்டும் அவர்களாகவே போன் பண்ணிச் சொன்னார்கள்.

அந்தப் படம் இன்னும் ஹவுஸ்ஃபுல்லாக ஓடுகிறது. சுவரில் ஓடுவதற்கும் சுழன்று உதைப்பதற்கும் என்று விமர்சனங்களில் எழுதுகிறார்கள். இல்லை ஐயா. ஒரு நாற்காலி, சரியான ஆளிடம் போய் நிற்கிறதே... அதைப் பார்க்கத்தான் விடியலில் பஸ் பிடிக்கிறார்கள். வேறெங்கே பார்ப்பது?

அடுத்த வீக்லி ஆஃபில் நானும் இன்னொரு தடவை போகலாம் என்றிருக்கிறேன் – நீல ஸ்வெட்டரில்.