கிறேஸ் அக்காவும் நான் போட்ட முடிச்சும்

கிறேஸ் அக்கா போய்விட்டார். நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பாம்... அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னபோது நான் ட்யூட்டியில் நின்றேன்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியின் ஒபரேஷன் தியேட்டரில் இருபத்தெட்டு வருடம் நேர்ஸ். நான் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.

எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு படகு. சிரிக்காதீர்கள்... உண்மையாகவே பாய்ப்படகு. வெளிநாடு போன டொக்டர் ஒருவர் விட்டுப்போன பழைய டிங்கி, இரண்டு மூன்று பேர் ஏறக்கூடிய சின்னப் படகு.

அப்போது அக்காவுக்கு ஐம்பத்து மூன்று, எனக்கு நாற்பத்தேழு. கொழும்புத்துறையின் ஆழமில்லாத பரவைக் கடலில் சனிக்கிழமைகளில் விழுந்து எழும்பி ஓட்டப் பழகினோம்.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பது மூன்று வயர்கள். பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று. ஒருநாள் பக்க வயரில் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு இழை அக்காவின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தானே கழுவி, தானே கட்டுப் போட்டுக்கொண்டு, இதை மாற்றத்தான் வேண்டும் என்றார்.

எதால் மாற்றுவது? அதில்தான் எங்கள் முதல் சண்டை.

நான் வயர் கட்சி. கொழும்புக்கு அளவு அனுப்பி, நுனிகளை மெஷினில் அழுத்திப் பூட்டி எடுப்பிக்க வேண்டும். நாள் எடுக்கும், பரவாயில்லை என்றேன்.

அக்கா கயிறு கட்சி. அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த மச்சாள் ஒரு சாம்பல் நிறச் செயற்கைக் கயிறு கொண்டுவந்து கொடுத்திருந்தார். பென்சில் மொத்தம்கூட இல்லை. ஆனால் வயரைவிடப் பலமாம், உப்புத் தண்ணியில் துருவும் பிடிக்காதாம்.

வெயிலில் கெட்டுப்போகும், கத்தி பட்டால் போச்சு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வயரின் நுனியைப் பூட்டியிருந்த சின்னக் குழாயைக் காட்டினார்.

"வசந்தி, உதுக்குள்ளை துரு பிடிச்சிருக்கோ இல்லையோ எண்டு உம்மாலை சொல்ல ஏலுமே? கயிறு பழுதானால் வெளியிலை தெரியும். எனக்குக் கண்ணுக்குத் தெரியிற நோய்தான் வேணும்."

குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போமா என்றும் கேட்டார். பகிடிக்குக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் கயிறு என்றே முடிவானது.

இனிச் சொல்லப்போவதை இன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சொல்கிறேன்.

அந்தக் கயிற்றில் முடிச்சுப் போடக்கூடாது, வழுக்கும். நுனியைக் கயிற்றின் உள்ளுக்குள்ளேயே திருப்பிச் செருகி, நூலால் தைத்து, ஒரு கண், அதாவது வளையம், செய்ய வேண்டும். அக்கா அதை வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சனிக்கிழமை அவர் வருவதற்கு முன்பே முடிச்சுப் போட்டுக் கட்டி, மேலே டேப் சுற்றிவிட்டேன். தைத்தேன் என்று சொல்லவில்லை... தைக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

கால் மணித்தியாலம் ஓடியிருப்போம். காற்று கொஞ்சம் ஏறியது. முடிச்சு கழன்று, பாய்மரம் சரிந்து அக்காவின் தோளில் விழுந்தது.

நல்ல காலம், அந்த இடத்தில் இடுப்பளவுதான் தண்ணி. நண்டு வலை வைத்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். அவரும் நானுமாகப் படகைத் தள்ளிக் கரை சேர்த்தோம். அக்கா உள்ளே தோளைப் பிடித்தபடி இருந்தார்.

அவருடைய தோளை நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன்.

முறிவு இல்லை. ஆனாலும் மூன்று கிழமை கையைத் தூக்கிக் கட்டச் சொன்னார்கள். தியேட்டரில் கேட்டவர்களுக்கெல்லாம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

படகை ஆருக்காவது கொடுத்துவிடுவோம் என்று அழுதுகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் கயிறும் ஊசியும் நூலும் தயாராக இருந்தன.

"கயிறு அறேல்லை, முடிச்சுத்தான் கழண்டது. என்ரை கை கட்டிக் கிடக்கு. நீர்தான் தைக்கப் போறீர்."

தைத்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்தி... நாலு கண்ணில் மூன்றைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். அக்கா பக்கத்தில் இருந்து பிழை பிடித்தார். ஒருதரம் அவர் சொன்னதுதான் பிழை. வீடியோவைத் திருப்பிக் காட்டியதும் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார், ஒற்றைக் கையோடு!

பிறகு ஒரு நுனியைப் பனையில் கட்டி, மறு நுனியை என் கணவரின் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் கட்டி இழுத்துப் பார்த்தோம். லான்ட்மாஸ்டர்தான் நின்றுபோனது. தையலில் அக்கா பேனையால் போட்டிருந்த அடையாளம் இம்மியும் அசையவில்லை.

முன்னால் இருப்பதை மட்டும் வயராகவே போட்டோம், கொழும்பில் எடுப்பித்து. முன்பாயை அதில் மாட்டும் கொழுக்கிகள் உரசி உரசிக் கயிறு தேய்ந்துவிடும். அந்த ஒன்றில் நான் வென்றேன். அதை ஒத்துக்கொள்ள அக்காவுக்கு ஒரு கிழமை தேவைப்பட்டது.

சோளகக் காற்று தொடங்கியிருந்த ஒரு காலை மறுபடி இறங்கினோம்.

அக்கா சுக்கானை என்னிடம் தந்துவிட்டு, நான் தைத்த கயிற்றுக்குக் கீழேயே போய் இருந்துகொண்டார். அடிபட்ட அதே தோளை அந்தக் கயிற்றில் சாய்த்தபடி. கரையில் நின்ற ஆட்கள் புள்ளியாகும்வரை ஓடினோம்.

அதற்குப் பிறகு ஆறு வருடம். ஆஸ்பத்திரி லாபில் இருந்து இரண்டு பேர், பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் என்று எங்கள் சனிக்கிழமைகளுக்கு ஆட்கள் கூடி, அக்காவோடு ஐந்து பெண்கள் ஆனோம். முறை வைத்து ஓடுகிறோம்.

போன சனிக்கிழமை பக்கக் கயிற்றில் பிசிர் எழும்பியிருந்ததை அக்காதான் கண்டார். புதுக்கயிறு அளந்து வெட்டி என்னிடம் தந்தார். இன்று காலை அதைத் தைத்து முடித்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமையும் படகு இறங்கும். மற்ற மூவரையும் கேட்டேன், வாறம் என்றார்கள்.

நாளை பின்னேரம் அடக்கம். வீட்டுக்கு வர விரும்புபவர்கள் என்னைக் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

செத்தவீட்டில் இருந்து வெளிக்கிடும்போது 'போட்டு வாறன்', போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்று சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

போட்டு வாறன், கிறேஸ் அக்கா.