ஹோய் ஆன் படகும் என் முதல் பெட்டிசமும்

ஒரு படகில் ஐந்து பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஏறுகிற ஒவ்வொருவரும் பாதுகாப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும். வியட்நாமில் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக நகரத்தின் ஆற்றங்கரையில், டிக்கெட் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில், இப்படி இரண்டு மொழிகளில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அன்று மாலை அந்தப் பலகையை முழுதாக வாசித்த ஒரே பயணி நான்தான் என்று நினைக்கிறேன். லண்டனில் ஒரு கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறிவிப்புப் பலகையை வாசிக்காமல் கடந்துபோக என்னால் முடியாது.

பொழுது பட்டதும் அந்த நகரம் வேறு ஊராகிவிடுகிறது. பகலில் காரை உதிர்ந்து, பாசி பிடித்து நின்ற மஞ்சள் நிற வணிகர் வீடுகள் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் புதிதாக நிற்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் பட்டுத்துணி போர்த்திய விளக்குக் கூடுகள். சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். ஆற்றில் காகிதப் பெட்டிகளுக்குள் மெழுகுவர்த்திகள் மிதந்து போகின்றன. தெருவில் வாகனங்களை விடுவதில்லை. சுட்ட சோளத்தின் மணத்தோடு ஆட்கள் அவசரமில்லாமல் நடக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது, ஏனென்றால் அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவர் என் மருமகன்.

நாங்கள் ஆறு பேர். நானும் மனைவியும், மகளும் மருமகனும், ஏழு வயதுப் பேத்தியும் நான்கு வயதுப் பேரனும். படகுக்காரிக்கு என் மனைவியின் வயதிருக்கும். பனையோலைத் தொப்பி முதுகில் தொங்கியது. அவள் பேரனைப் பார்த்தாள், அவன் கணக்கில் இல்லை என்று முடிவு செய்தாள், எல்லோரையும் வரும்படி கையசைத்தாள். நான் ஆறு விரலைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே பேரனின் தலை உயரத்துக்குத் தன் கையைப் பிடித்துக் காட்டினாள்.

"இஞ்சருங்கோ, ஏறுங்கோ," என்றாள் மனைவி. "அந்த மனிசிக்குத் தன்ர வள்ளத்தைத் தெரியாதே?"

"போர்டு கிடக்கு. வாசிச்சுப் பாரும்."

"நாங்கள் விளக்குப் பாக்க வந்தனாங்கள். நீங்கள் நிண்டு போர்டைப் பாருங்கோ."

மருமகன் எப்போதும்போலச் சமாதானத்துக்கு வந்தார். "மாமா, சின்னவன் மடியிலதானே இருப்பான். இட்ஸ் ஃபைன்."

மடியில் இருப்பவரும் ஓர் ஆள் என்று அவருக்கு விளக்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். பேத்தி படகில் இருந்தபடியே கேட்டாள்: "அம்மப்பா, ஆர் யூ ஸ்கேர்ட்?"

நான் கரையிலேயே நின்றேன். அவர்கள் ஐந்து பேரும் போனார்கள். நான் ஏறாததால் அந்தப் படகு முற்றிலும் சட்டப்படிதான் போனது. இருந்தாலும் அதன் மூக்கில் எழுதியிருந்த இலக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பேரனுக்குக் கொடுத்த அங்கி பெரியவர்களுடையது, அவனுடைய முழங்கால்வரை வந்தது. ஒரு முறைப்பாட்டுக்கு அதுவே போதும். விளக்கு விற்கிற பெண் ஒருத்தி நான் நிற்பதைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் உட்கார்ந்து திகதி, நேரம், இலக்கம் எல்லாம் போட்டுப் பாதியை எழுதியும் விட்டேன்.

இருபது நிமிடத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் இறங்கியதும் படகுக்காரி என்னைக் காட்டினாள், பிறகு படகைக் காட்டினாள், ஒரு விரலை உயர்த்தினாள். நீ ஒருவன் மட்டும். டிக்கெட் கேட்கவில்லை. மறுப்பதற்கு ஒரு விதியும் கைவசம் இல்லாததால் ஏறினேன்.

ஆற்றின் நடுவில் அவள் துடுப்பை எடுத்துப் படகுக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். கரையின் இரைச்சல் தூரத்துக்குப் போய்விட்டது. விளக்குகள் எல்லாம் என் கண்ணின் மட்டத்தில், தண்ணீருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நின்றன. ஒரு காகித விளக்கைக் கொளுத்தி என் கையில் தந்தாள். குனிந்து நீரில் விட்டேன். அந்தப் பத்து நிமிடத்தை அனுபவித்ததுபோல அந்தப் பயணத்தில் வேறு எதையும் நான் அனுபவிக்கவில்லை. அவ்வளவு நேரமும் அவளுடைய இலக்கம் என் காற்சட்டைப் பையில் இருந்தது.

லண்டனில் எங்கள் பகுதியான மோர்டனுக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "அந்த மனிசியின்ர நம்பரை இன்னும் வைச்சிருக்கிறியளோ?" நான் போனை வாங்கி அந்தப் படத்தை அழித்தேன். எழுதிய பாதியையும் அழித்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கலியாணம் செய்து நாற்பது வருடத்தில் நான் அவளுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில் இருந்தோம். அப்பாவின் தம்பியை நாங்கள் குஞ்சியப்பா என்போம். அவர் எங்கள் தீவுக்கும் அடுத்த தீவுக்கும் இடையில் மோட்டர் வள்ளம் ஓட்டினார். வள்ளத்தின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால் '25 பேர்' என்று எழுதியிருக்கும். அடுத்த தீவுக் கோயில் திருவிழாவில் கடைசி நாள் வாணவேடிக்கை. என்னை அணியத்தில், எல்லோருக்கும் முன்னால் இருத்திக் கூட்டிப்போவதாகக் குஞ்சியப்பா சொல்லியிருந்தார். ஒரு மாதமாக அதை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று துறையில் சனம் நெரிந்தது. குஞ்சியப்பா வந்தவர்களை எல்லாம் ஏற்றினார். என்னை மட்டும் தோளில் பிடித்து நிறுத்தினார். "நீ வீட்டுப் பிள்ளை. அடுத்த நடையில வா."

வீட்டுப் பிள்ளை காத்திருக்கும், வெளியாள் கோபிப்பான் என்பது அவருடைய கணக்கு. நான் நின்று எண்ணினேன். நாற்பத்தொரு பேர். அந்தக் கரையில் இயந்திரம் பழுதாகி அடுத்த நடை வரவேயில்லை. வாணவேடிக்கையைக் கடலுக்கு இப்பால் நின்று பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. தீப்பெட்டிக் குச்சி அளவில் சில பொறிகள் தெரிந்தன.

அடுத்த நாள் பெட்டிசம், அதாவது முறைப்பாட்டுக் கடிதம், எழுதினேன். மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரிக்கு, அரசாங்க அதிபருக்கு, ஆங்கிலத்தில். பெயர் போடாத பெட்டிசம் நேரே கூடைக்குள் போகும் என்று அங்கே கிளார்க்காக இருந்த அப்பா சாப்பிடும்போது அடிக்கடி சொல்வார். ஆகவே பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு எல்லாவற்றையும் எழுதினேன். பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. வாணவேடிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டு கிழமையில் ஓர் அதிகாரி துறைக்கு வந்தார். குஞ்சியப்பாவைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். போகும்போது வள்ளத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுபோனார். அதன்பிறகு குஞ்சியப்பா இன்னொருவரின் வள்ளத்தில் கயிறு எறிகிற ஆளாக நின்றார். அவருடைய பிள்ளைகள் மூவரும் சாப்பாட்டு நேரம் பார்த்து, தற்செயலாக வந்தவர்கள்போல எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டுக் கோப்பைகளை வைப்பார். நான் அவர்களோடு இருந்து சாப்பிட்டேன்.

பெட்டிசம் போட்டது யார் என்று ஊரே யோசித்தது. எதிர்க் கரை வள்ளக்காரன் என்றார்கள் பெரும்பாலும். அந்த மனிதரோடு எங்கள் ஒழுங்கையில் பலர் பேச்சை நிறுத்தினார்கள்.

மூன்றாம் மாதம் குஞ்சியப்பா தாளும் பேனையும் கொண்டு என்னிடம் வந்தார். அவர் இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர்.

"தம்பி, உன்ர அப்பா கச்சேரி ஆள், அவர் எழுதக்கூடாது. நீதான் இங்கிலீஸ் படிச்சனி. பெமிற்றைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு மனு எழுது."

அவர் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "நாப்பத்தொரு பேரை ஏத்தினது உண்மை. பெட்டிசம் போட்ட ஆளில எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவர் எண்ணினது சரி."

நான் பேனையை நிறுத்தினேன். "குஞ்சியப்பா, அப்பிடி எழுதினால் பிழையை ஒப்புக்கொண்ட மாதிரி."

"ஓம். எழுது."

"பொறாமையில ஆரோ எழுதினது எண்டு போடுவமே?"

அவர் என் பக்கம் திரும்பினார். "பொறாமை எண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?"

"எல்லாரும் சொல்லுகினம்."

"சொல்லுறவை சொல்லட்டும். நீ நான் சொன்னதை எழுது."

மனு எழுதத் தெரியாத மனிதர், தன் வழக்கைத் தானே கெடுக்கிறார் என்று நினைத்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் கையொப்பத்தை மெல்ல மெல்ல வரைந்தார்.

பதில் வந்த அன்று கடித உறையை உடைக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். அடுத்த மாதத்திலிருந்து அனுமதி திரும்பக் கிடைக்கும், இதுவே கடைசி எச்சரிக்கை என்று இருந்தது. வாசித்துச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தேன்.

"கீழ இன்னொரு வரி கிடக்கே," என்றார். "அதையும் வாசி."

'பிரதி' என்று போட்டு என் பெயர் இருந்தது. பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு.

"அது ஒண்டுமில்லை, குஞ்சியப்பா. ஒப்பீஸ் ஆக்கள் தங்களுக்குப் போடுறது."

"ஓம்," என்றார். "ஒப்பீஸ் ஆக்கள் ஒண்டையும் விடமாட்டினம்." கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துறைப் பக்கம் நடந்தார்.

தப்பிவிட்டேன் என்று நம்பினேன். துறையில் அந்த அதிகாரி கையில் வைத்திருந்தது நான் பெயர் போட்டு எழுதிய பெட்டிசம்தான் என்பதோ, திருவிழா அன்று நாற்பத்தொன்றுவரை எண்ணியவன் நான் ஒருவன்தான் என்பதோ, மனுவில் அந்த எண்ணை அவர் தன் வாயால் சொன்னார் என்பதோ எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தக் கடிதம் வந்தது ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை.