அத்தை மகளின் தேங்க் யூ

பத்து வயதில் எனக்கு ஒரே ஒரு எதிரிதான் இருந்தாள். என் அத்தை மகள். மாமா இறந்த மறு வருடமே அத்தை நர்ஸ் வேலைக்குக் குவைத் கிளம்பிப் போனார். என் வயதுதான் மகளுக்கு. அவளை ஒரு பெட்டியோடு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். வந்த அன்றைக்கே, அம்மா நீட்டிய காபி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, "தேங்க் யூ, அத்தை" என்றாள். அப்பாவின் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி, நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட அதைப் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு ஆங்கிலம் என்றால் உயிர். ஆபீசில் ஃபைல் எழுதுகிறவர். நன்றி சொல்வதற்குக்கூடச் சட்டதிட்டம் வைத்திருந்தார். தண்ணீர் தந்தால் 'தேங்க்ஸ்' போதும். சோறு போட்டால் 'தேங்க் யூ'. நமக்காக ஒருவர் அலைந்து திரிந்தால் 'தேங்க் யூ வெரி மச்'. 'கிரேட்ஃபுல்' கடிதத்துக்கும் மேடைக்கும் மட்டும். அதைக் கண்ட இடத்தில் இறைக்கக் கூடாது. ஊரே 'நோ மென்ஷன்' என்றாலும் நாம் 'யூ ஆர் வெல்கம்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் தெரிந்த அப்பா, அம்மாவிடம் ஒரு தேங்க்ஸ் சொல்லி நான் கேட்டதில்லை. அதைப் பற்றிக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

எனக்கும் எல்லாம் மனப்பாடம். ஆனால் நான் சொன்னால் பாடம் ஒப்பிப்பது போலிருக்கும், அவளுக்குத் தானாக வரும். தலை பின்னிவிட்டால் தேங்க் யூ, பென்சில் சீவிக் கொடுத்தால் தேங்க்ஸ். குவைத்திலிருந்து பேசும் தன் அம்மாவிடம் மட்டும் ஒன்றும் கிடையாது. போனில் ஒரே சண்டைதான். அதெல்லாம் அப்பாவின் காதில் விழாது. "புள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் நானும் துணிந்தேன். அம்மா தட்டில் தோசை போட்டதும், "தேங்க் யூ, அம்மா" என்றேன்.

"என்னட்டி, பெத்தவளுக்கா தேங்க்ஸ் சொல்லுத? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?" என்று நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அடுத்த தோசைக்கு அத்தை மகள் அதையே சொன்னாள். அவளுக்குக் குட்டு இல்லை. கூட ஒரு கரண்டி நெய் விழுந்தது. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த மாதம் எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை, கடவுளுக்கு நன்றி சொல்கிற விழா. வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் வருகிறார், ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று மேடையேறி ஆங்கிலத்தில் நன்றியுரை சொல்ல வேண்டும் என்றார்கள். பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு அப்பாவுக்கு. யார் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அன்று மத்தியானம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை மகளைப் பிடித்தேன். "ஏட்டி, நீ எதுக்கெடுத்தாலும் தேங்க்ஸ் சொல்லுதது எங்கம்மாவுக்குப் புடிக்கல. நான் என்ன அடுத்த வீட்டுக்காரியான்னு சொல்லி அழுதாங்க" என்றேன். அழுதது பொய். ஆனால் வாக்கியம் அம்மாவுடையதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை அழுதாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றோடு நிறுத்திவிட்டாள். அதோடு எதையும் வாங்குவதையும் நிறுத்தினாள். அப்பா புதுப் பேனா வாங்கிவந்து நீட்டியபோது, "இருக்கட்டும் மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது தோசை வந்தால் தட்டை விலக்கிக்கொண்டாள். தலையைக் கோணல்மாணலாகத் தானே பின்னிக்கொண்டாள். காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கோ வேறு கவலை. "நல்லா இருந்த புள்ள, நம்ம வீட்டுக்கு வந்து கெட்டுப்போச்சே" என்றார். நன்றியுரை எனக்கு வந்தது.

பண்டிகையன்று மேடையில் 'கிரேட்ஃபுல்' என்ற சொல்லை நிறுத்தி, அழுத்திச் சொன்னேன். அப்பா எழுந்து நின்றே கைதட்டினார். பிறகு அசனப் பந்தி. சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து. அத்தை மகள் என் பக்கத்து இலையில் இருந்தாள். கறி வாளி வந்ததும் இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாள். பரிமாறிய அண்ணாச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். என்மேல் பொறாமை, அதனால்தான் தொண்டையில் இறங்கவில்லை என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கினேன்.

அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் கேட்டு வாங்குகிற பாத்தியதை எனக்கு இருந்தது. அம்மாவின் குட்டுகூட அதில் சேர்த்திதான். அவளுக்கு இருந்தது அந்த இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால்தான் எங்கள் வீட்டில் ஒரு தோசையையாவது கூச்சமில்லாமல் அவளால் வாங்க முடிந்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். பக்கத்து இலையில் ஒருத்தி பசியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.