கடைசிப் பக்கம் வரை படிக்காதவள்

ஆய்வகத்தில் அவளுக்கு ‘நிரந்தரம்’ என்று பெயர். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட, ஜன்னலோர மேசையில் அவள் மட்டும் எறும்புப் பெட்டிகளோடு குடியிருந்தாள். துடைத்துவிட்ட சுவரில் எறும்புகள் பழைய பாதையை எப்படித் திரும்பப் பிடிக்கின்றன என்பது அவள் ஆராய்ச்சி. வீட்டுச் சமையலறைச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. பாவம், அவள் கணவர் சர்க்கரை டப்பாவைத் துணி அலமாரியில் ஒளித்துவைத்திருந்தார்.

வேலையில் அவள் புலி. ஆனால் தன் விஷயத்தை யாராவது தொட்டு எழுதிவிட்டால் போதும், கையும் ஓடாது, காலும் ஓடாது. ‘இனி இது புதுசில்லை’ என்று ஓர் அத்தியாயத்தையே தூக்கிப் போட்டுவிடுவாள். இப்படியே இரண்டு போயின. இந்தப் பருவத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று நெறியாளர் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு புதுக் கட்டுரை வந்தது. முதல் பத்தியிலேயே அவளுடைய கடைசி அத்தியாயத்தின் முடிவு அப்படியே இருந்தது.

மறுநாள் அவள் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரன் வந்தான். எதிலும் பறக்கிறவன் என்பதால் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர்.

“என்னக்கா, வீடு காலி பண்றீங்களா?”

“எல்லாம் முடிஞ்சுபோச்சு தம்பி. நான் சொல்ல வேண்டியதை வேற யாரோ சொல்லிட்டாங்க. மேடத்தைப் பாத்து விலகிக்கறேன்னு சொல்லப் போறேன்.”

“எந்தக் கட்டுரை? காட்டுங்க.”

அவசரத்துக்கு ஒரு பழக்கம். எந்தக் கட்டுரையையும் வாலிலிருந்துதான் படிப்பான். மேற்கோள் பட்டியலில் தன் பெயர் வந்திருக்காதா என்ற நப்பாசை. வந்ததே இல்லை.

“அக்கா, இதுல உங்க பேரு இருக்கு!”

“விளையாடாதப்பா.”

“சத்தியமா! போன வருஷக் கருத்தரங்குல நீங்க பேசினதைத்தான் எடுத்துக்கிட்டு, வேற எறும்பை வெச்சுப் பாத்திருக்காங்க. முதல்ல கண்டுபிடிச்சது நீங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. கடைசி வரைக்கும் நீங்க படிக்கவே இல்லையா?”

படிக்கவில்லை. பயத்தில் முதல் பத்தியோடு மூடிவிட்டிருந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ நான் தூக்கிப் போட்ட அந்த ரெண்டும்?”

“அதை நான் பாக்கறேன். நீங்க முதல்ல இதை எழுதுங்க.”

அவன் தன் வேலையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, முன்பு அவளைப் பயமுறுத்திய பழைய கட்டுரைகளை வரிவரியாகப் படித்தான். தூக்கிப் போட்ட இரண்டு அத்தியாயங்களில் ஒன்று இன்னும் புதுசுதான் என்று தெரிந்து பிழைத்தது.

பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களுக்கு அன்றே நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டாள். அவசரத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.