மழை நாளில் அரைத்த ராகி

என் கணவரின் தங்கை பெங்களூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தோளில் ஒரு துணிப்பை, கையில் மகள், அவ்வளவுதான். ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓட ஆரம்பித்திருந்த நேரம். அங்கே அவள் ஒரு துணி கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் லாரி டிரைவர். ஊரடங்கு போட்ட அன்று அவர் லோடோடு வடக்கே எங்கோ மாட்டிக்கொண்டார். இவளும் குழந்தையும் ஒற்றை அறை மாடி வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. கேட்டால், "அது போவுது வுடுங்க அண்ணி" என்பாள்.

ஆள் பாதியாக இருந்தாள். கம்பெனிக்கு இனிப் போகப்போவதில்லை என்றாள். "இங்கயே இருந்துக்கோ பாப்பா. மாப்ள வண்டிக்குப் போய்ட்டு இங்கயே வரட்டும்" என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அது உதவியாகத்தான் இருந்தது. எங்கள் வீடு பாப்பாரப்பட்டிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு விலகி, ஒரு ஓடையைத் தாண்டி இருக்கிறது. நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் வேலை பார்க்கிறேன். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப மாலையாகிவிடும்.

அவள் வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் டிரம்கள் சேர ஆரம்பித்தன. மூடி போட்ட நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள். எங்கள் நிலத்து ராகியை வழக்கமாகச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடுவோம். அவள் அண்ணனிடம் நின்று கேட்டு, ஒரு டிரம் நிறைய எடுத்து வைத்தாள். முதல் வருடம் அது வீணாகப் போனது. சரியாகக் காயாத ராகியை அவசரப்பட்டுக் கொட்டி இறுக்க மூடிவிட்டாள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் புழுங்கிய வாடை; கையை விட்டால் கட்டிகட்டியாக வந்தது. அதை மாட்டுக்குக்கூட வைக்க முடியவில்லை. அன்று அவள் டிரம்மின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு டிரம் ராகிக்கு ஏன் இவ்வளவு அழுகை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கேலி செய்யும் அழுகை இல்லை அது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த வருடத்திலிருந்து அவள் தவறு செய்யவில்லை. ராகியை வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வைப்பாள். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாள். நறுக்கென்று உடைந்தால்தான் டிரம்முக்குப் போகும். டிரம்முக்கு அடியில் பலகை, உள்ளே காய்ந்த வேப்பிலை. அவரைக் கொட்டையையும் துவரையையும் பூச்சி விழாமலிருக்கச் செம்மண் கட்டிக் காய வைத்தாள். தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று காட்டிலேயே விட்ட பழங்களைப் பறித்து வந்து, நறுக்கி உப்புப் போட்டு மொட்டை மாடியில் வத்தலாக்கினாள். திருகு மூடி பாட்டிலில் தீப்பெட்டிகள். ஒரு டப்பாவில் மெழுகுவத்தி, டார்ச் லைட் பேட்டரி, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கலந்து குடிக்கும் உப்புப் பாக்கெட். கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் மூடிய விறகு. பழையதை முதலில் எடுக்க வேண்டும், புதியதைத் தொடக் கூடாது. இதில் மட்டும் என்னிடம்கூட கண்டிப்பாக இருப்பாள்.

"என்னா பாப்பா, ரேசன் கடை வெக்கப் போறியா?" என்று அவள் அண்ணன் சிரிப்பார்.

"இருக்கட்டும்ண்ணா. சோறா கேக்குது, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

டிரம்கள் எங்கள் படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பீரோவைத் திறக்கவே ஒரு டிரம்மை நகர்த்த வேண்டும். சொல்ல வாயெடுப்பேன். அவள் சாயங்காலத்தில் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார்த்திகை மாத மழை வந்தது. எங்கள் பக்கம் மழை என்றால் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஓடையின் தரைப்பாலம் இருந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் கம்பம் வயலில் சாய்ந்து கிடந்தது. செல்போனில் டவர் இல்லை. கடை, ரேஷன், மண்டி, ஆஸ்பத்திரி எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாங்களும் கொஞ்சம் வீடுகளும்தான்.

கரண்ட் இல்லாததால் போர் மோட்டார் ஓடவில்லை. அவள் முந்தின நாளே கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் காலி டிரம்களைக் கழுவி வைத்திருந்தாள். அதை வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தோம். அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கணவர் தங்கையைக் கேலி செய்யாமல் பார்த்தார்.

மத்தியானம் அவர் தொப்பலாக நனைந்து வந்தார். பக்கத்துக் காட்டில் கரும்பு வெட்ட விழுப்புரம் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்து, வரப்போரம் குடிசை போட்டுத் தங்கியிருந்தது. சர்க்கரை ஆலைக்கு வெட்டும் ஆட்கள். குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவர்களைக் கூட்டி வந்த மேஸ்திரி முந்தின நாள் டவுனுக்குப் போனவர், அந்தப் பக்கமே நின்றுவிட்டார். "கொழந்த குட்டியோட நிக்கறாங்க. நம்ம தக்காளிக் கொட்டாயில இருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். போய் ஒரு எட்டுப் பாருங்க" என்றார்.

நானும் நாத்தனாரும் குடையைப் பிடித்துக்கொண்டு போனோம். கொட்டகையில் தக்காளிப் பெட்டிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு ஒரு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் வயதுள்ள ஒரு பெண் அரிசி மூட்டையைப் பிரித்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். அரிசி ஊறி, சேற்றுத் தண்ணீரில் பழுப்பாகி இருந்தது. அவள் அதிலிருந்து நல்லதைப் பிரித்தெடுக்கப் பார்த்தாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சுக்கா. காலையிலயே ஆச்சு" என்று சிரித்தாள்.

நான் நம்பிவிட்டேன். குழந்தைகளுக்குப் பால் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லித் திரும்பினேன். பாதி வழியில் நாத்தனார் நின்றுவிட்டாள்.

"அண்ணி, அவுங்க சாப்புடல."

"ஆச்சுன்னு சொன்னாங்களே?"

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

மழையில் குடைக்குக் கீழே நின்றுதான் அவள் அதைச் சொன்னாள். பெங்களூரில் கீழ் வீட்டு கன்னடக்கார அம்மா தினமும் மாடிப்படி ஏறி வந்து "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பார்களாம். இவளும் "ஆய்த்து, ஆய்த்து" என்று சிரித்துக்கொண்டே சொல்வாளாம். "நல்ல மனுசி அண்ணி. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. கேக்கறதுக்கு வாய் வரல. இருந்த மாவுல புள்ளைக்கு மட்டும் கஞ்சி காச்சிக் குடுத்துட்டு நான் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன். அவரு போன் பண்ணாலும் அதேதான் சொன்னேன். அவருதான் எங்கயோ இருக்கறாரே, சொல்லி என்னா பண்றது? பொய்யா சாப்டாச்சுன்னு சொல்றவங்க மூஞ்சி எனக்குத் தெரியும்."

குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ராகி டிரம்மிடம் போனாள். மூடி மேல் கையை வைத்தபடி நின்றாள். வெகுநேரம் திறக்கவில்லை.

"நம்ம நாலு பேருக்குன்னு வெச்சது அண்ணி. ரோடு எப்ப ஆவும்னு தெரியல. அத்தன பேருக்குப் போட்டா..."

"உன் கையால வெச்சது. உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். போடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? பசியென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அவள் மகள் உள்ளே வந்து, "அம்மா, அந்தப் பசங்க குளிர்ல நடுங்கறாங்க" என்றாள். நாத்தனார் அவளைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "பெரிய குண்டான் எங்க அண்ணி இருக்குது?" என்று கேட்டாள்.

வீட்டில் அரைத்து வைத்திருந்த மாவு முழுவதும் அன்று களியாயிற்று. தக்காளி வத்தலும் அவரைக் கொட்டையும் போட்டுக் குழம்பு. கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். குழந்தைகள் எல்லாம் சாப்பிட்ட பிறகே அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில்தான் பிரச்சினை தெரிந்தது. டிரம்மில் இருப்பது எல்லாம் ராகி மணி. மாவாக வைத்தால் சீக்கிரம் வண்டு விழும் என்று, அவ்வப்போது தேவைக்குத்தான் மில்லில் அரைப்போம். மில் இருப்பது பாப்பாரப்பட்டியில். இங்கேயே இருந்திருந்தாலும் கரண்ட் இல்லை.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் யோசிச்சனே அண்ணி. கரண்டு இல்லன்னா மில்லு ஓடாதுன்னு எனக்குத் தோணவே இல்லியே."

குண்டானைத் திருப்பிக் கொடுக்க வந்த அந்தக் கரும்பு வெட்டும் பெண் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அரைக்கிற கல்லு ஏதாவது கெடக்குதுங்களா?" என்றாள்.

ஒரு ராகிக்கல் இருந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் யாரும் அரைத்துப் பார்த்ததில்லை. அடிக்கல் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குக் கீழே கிடந்தது. மேல்கல் தார்ப்பாய் பறக்காமல் இருக்க விறகின் மேல் பாரமாகக் கிடந்தது. கைப்பிடி எப்போதோ போய்விட்டது. அந்தப் பெண்ணின் கணவர் கரும்பு வெட்டும் கத்தியால் ஒரு வேப்பங்கிளையைச் செதுக்கிக் குழியில் அடித்து இறுக்கினார். சுடுதண்ணீரில் கல்லைத் தேய்த்துக் கழுவினோம். பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரே பிடியை இரண்டு பேரும் பிடித்துச் சுற்றினார்கள். கை வலித்தவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்தார். நானும் முயன்றேன். கொஞ்ச நேரத்திலேயே தோள் விட்டுப்போனது. நாத்தனார் விடாமல் சுற்றினாள். மாவு கொஞ்சம் கொரகொரப்பாகத்தான் வந்தது. களிக்கு அது போதும்.

அதற்குப் பிறகு சமையல் எங்கள் வீட்டுக் காரியமாக இல்லாமல், கொட்டகைக் காரியமாக மாறிவிட்டது. காலையில் கூழ், சாயங்காலம் களி. எவ்வளவு போட வேண்டும் என்பதை நாத்தனார் மட்டும்தான் முடிவு செய்வாள்; அரைப்படி கூடுதலாக அள்ள யாரையும் விடமாட்டாள். மற்ற வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு அவரவரிடம் தேங்கிக் கிடந்ததைக் கொண்டு வந்தார்கள். பால் வண்டி வராததால் கறந்த பால் கேனோடு கொட்டகைக்கு வந்தது. மண்டிக்குப் போக முடியாத தக்காளிக்குக் கணக்கே இல்லை. ஒருவர் குச்சிக்கிழங்கு கொண்டு வந்தார். குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டது. டப்பாவில் இருந்த மாத்திரை அப்போது உதவியது.

சில நாளில் தண்ணீர் வடிந்தது. தரைப்பாலத்தின் ஓரம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மண் கொட்டி வண்டி போகும்படி செய்தார்கள். நான் மண்டிக்குக் கிளம்பினேன். போனுக்குச் சார்ஜ் போட்டுக் தன் கணவரிடம் பேச வேண்டும் என்று நாத்தனாரும், வீட்டை அந்தப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகளோடும் அண்ணனோடும் பாப்பாரப்பட்டிக்குப் போனாள். மேஸ்திரி அன்றைக்கே வந்து, வேறு ஊரில் மேட்டுக் காட்டில் வெட்டு இருக்கிறது என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராகிவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பியபோது டிராக்டர் டிரெய்லரில் எல்லாரும் ஏறியிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தாள். கொட்டகை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. தக்காளிப் பெட்டிகள் பழைய இடத்துக்கே போயிருந்தன.

"வெறுங்கையோட போவ மனசு வரலக்கா. எங்ககிட்ட குடுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லி உள்ளே காட்டினாள்.

டிரம்மின் அடியில் மிச்சமிருந்த ராகியை, ஒரு மணிகூட விடாமல், பகல் முழுக்க உட்கார்ந்து அரைத்து வைத்திருந்தார்கள். அன்னக்கூடை, தவலை, சாதம் வடிக்கும் குண்டான் என்று கண்ணில் பட்ட பாத்திரம் எல்லாவற்றிலும் மாவு. இந்தத் தடவை சலித்து, நைசாக.

நான் நாத்தனார் முகத்தைப் பார்த்தேன். புது ராகி அறுத்துக் காயும் வரைக்கும் வர வேண்டிய மணி அது. ஒரு நொடி அவள் உதடு இறுகியது. பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் பிடி பட்ட இடம் கொப்புளித்திருந்தது. "இம்புட்டையும் அரைச்சீங்களா... ரொம்ப நல்லாருக்குதுங்க. எங்களுக்கு மில்லுக்குப் போற வேல மிச்சம்" என்றாள். பிறகு உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து அந்தக் கையில் தடவிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. டிராக்டர் கிளம்பி ஓடை தாண்டும் வரைக்கும் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிராக்டர் மறைந்ததும் நாத்தனார் மாவைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு மாசம் தாங்காது அண்ணி. வண்டு வுழறதுக்குள்ள தின்னுடணும்."

தின்றோம். காலையில் ராகி அடை, மத்தியானம் களி, ராத்திரி கூழ். பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் தூக்குச் சட்டியில் போனது. பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் மகள் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "மறுபடியுமா?" என்று முகத்தைச் சுளிப்பாள்.

அந்த மாவு தீர்வதற்குள் அவள் கணவர் லாரியை நிறுத்திவிட்டு வந்தார். தட்டில் களியைப் பார்த்து, "ஏன் தெனம் இதேதான்னு புள்ள சொல்லுது?" என்று கேட்டார். நாத்தனார் கரும்பு வெட்டியவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அரிசி மூட்டையைப் பரப்பிக்கொண்டிருந்த பெண்ணிடம் கதை வந்தபோது அவள் குரல் தணிந்தது. அடுத்து அவள் எதைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெங்களூர்ப் பட்டினியை அவரிடம் அவள் இத்தனை வருடம் சொன்னதில்லை. நான் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டு தக்காளிக் காட்டுக்குப் போய்விட்டேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தட்டில் களி ஆறிக் கிடந்தது. நாத்தனார் எழுந்து, "குடுங்க, சூடா போட்டுக் கொண்டாறேன்" என்றாள். அவர் தட்டைக் கொடுக்காமல், "நீயும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு வா" என்றார்.