காசிம் ராவுத்தரும் களவுபோன மிஷினும்

அறந்தாங்கி பஸ் கண்டக்டர் திருக்கோகர்ணத்தில் என் தையல் கடைக்கு வந்து, "ஒங்க காசிம் ராவுத்தர் நேத்து மவுத்தாயிட்டாருங்க" என்றார். மீமிசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மாலையில் இரங்கல் கூட்டம். முதலில் பேசியவர், படகுப் பாய்களைத் தைக்கவைத்து விற்கும் பெரிய வியாபாரி. "ராவுத்தர் நம் ஊரின் பெருமை" என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்களான உங்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன். அந்த வியாபாரியின் பெயருக்கு இங்கே இடம் கொடுக்க மாட்டேன்.

ராவுத்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர். மீமிசலில் அவரும் நானும் ஒரே கடையில் நெடுங்காலம் தைத்தோம். பாங்கு கேட்டால் பாதித் தையலில் எழுந்து தொழப் போய்விடுவார். யாராவது முணுமுணுத்தால், "சட்டை காத்திருக்கும்ங்க, தொழுகை நேரம் காத்திருக்காது" என்பார்.

சுதந்திரத்துக்கு மறுவருஷம், பக்கத்துச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, கட்டுமாவடி மீனவர் ஒருவர் புதுப் பாய் வந்து சேராமல், கிழிந்த பாயோடு கடலுக்குப் போனார். திரும்பவில்லை. அப்போதெல்லாம் பாய் முழுக்கக் கைத்தையல்தான். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போனவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர் ராவுத்தர். அந்தத் துக்கத்தில்தான் பாய் தைக்க ஒரு மிஷின் செய்யத் தொடங்கினார். சாதாரண மிஷின் ஊசி மடித்த காடாத் துணியில் ஒடிந்துவிடும். சைக்கிள் ஆரக்கம்பியைத் தீட்டி ஊசி செய்தார். கனத்த துணியை இழுத்துக் கொடுக்கப் பலாமரத்தில் பல் வைத்த உருளை கடைந்தார். இருவர் சேர்ந்து மிதிக்கும்படி பெடல் வைத்தார். எத்தனையோ ஊசிகள் ஒடிந்த பிறகு, ஒருநாள் அது ஓடியது.

பாய் தைக்கும் கைத்தையல்காரர்களைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் சொல்லித்தருகிறேன், நீங்களே ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது வியாபாரிக்கு ஆகவில்லை. அவர்கள் எல்லாரும் வியாபாரி கையை எதிர்பார்த்துப் பிழைத்தவர்கள். மிஷின் வந்தால் உங்கள் அடுப்பு அணைந்துவிடும் என்று அவர்களிடம் சொல்லிவைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ராவுத்தர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில், அவர்களில் சிலர் கடப்பாரையோடு வந்து மிஷினை உடைத்தார்கள். தடுக்கப்போன என்னைச் சுவரோடு பிடித்து நிறுத்திக்கொண்டார்கள்.

போலீஸுக்குப் போவோம் என்றேன். ராவுத்தர் வரவில்லை. "வேணாம் தம்பி. புள்ளகுட்டி பட்டினி கெடக்குமேங்கிற பயத்துல ஒடச்சிருக்காங்க. அவங்கள ஸ்டேஷன்ல நிறுத்தி எனக்கு என்ன ஆகப்போகுது?"

உடைத்தவர்கள் துண்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு என்பது அடுத்த வருஷம் தெரிந்தது. வியாபாரியின் கொட்டகையில் அதே ஆரக்கம்பி ஊசி, அதே பல் உருளை. உடைத்தவர்களே கூலிக்கு உட்கார்ந்து மிதித்தார்கள். கேட்டவர்களிடம், தானே யோசித்து வெளியூர்ப் பட்டறையில் செய்யச் சொன்னதாக வியாபாரி கூசாமல் சொன்னார். இன்னொன்று செய்யுங்கள் என்று ராவுத்தரிடம் மன்றாடினேன். "ஊருக்கு ஒண்ணு ஓடுதுல்ல" என்றார். எனக்கு நெஞ்சு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

ஆனால் ஒன்றை அவரும் பொறுக்கவில்லை. சீக்கிரம் முடிப்பதற்காகக் கொட்டகையில் தையலை அகலமாகப் போட ஆரம்பித்தார்கள். கரையில் ஒரு பாயைப் பார்த்தவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"மிஷினு ஒங்களுதாவே இருக்கட்டும். தையல நெருக்கிப் போடுங்க. இத நம்பி ஒருத்தன் கடலுக்குப் போறான்."

ஆள்விட்டு வெளியே தள்ளினார்கள். மறுநாளிலிருந்து கட்டுமாவடிக்காரர்கள் கொண்டுவந்த பாய்களுக்கெல்லாம் கையாலேயே இரண்டாம் தையல் போட்டுக் கொடுத்தார். கண் மங்கும்வரை போட்டார்.

கூட்டத்தில் வியாபாரி பேசி முடித்ததும் நான் எழுந்தேன். ஒங்க கொட்டகை மிஷின் யாரு செஞ்சது என்று மட்டும் கேட்டேன். பின்வரிசையிலிருந்து செல்லையா எழுந்தார். அவரும் கைத்தையல்காரர், கடப்பாரையோடு வந்தவர்களில் ஒருவர்.

"ராவுத்தர் செஞ்சதுதாங்க. ஒடச்சதுல நானும் ஒருத்தன். ஒடைக்கச் சொன்னவரு இந்தா மேடையில ஒக்காந்திருக்காரு."

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவர் கொட்டகை வழக்கம்போல ஓடியது.

இனி அதைக் காசிம் ராவுத்தர் மிஷின் என்றுதான் சொல்வேன். அவரை அறிந்த நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அவருடைய மன்னிக்கும் மனம் எனக்கு வாய்க்கவில்லை, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். கொட்டகையில் உயர்ந்த அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன்.